தானாக நிற்கும் வண்டி

ஷோரூமுக்குள் நுழைகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்த விற்பனையாளன் நாக்கு நுனியில் பதில் வைத்திருந்தான். லிட்டருக்கு எவ்வளவு ஓடும், மேல்கூரை திறக்குமா, இருக்கை அசல் தோலா, தவணை எப்படி. அன்று வந்த கண்ணாடிக்கடைக்காரர், ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து தருபவர், இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்த யானைக்குட்டியைப் போலச் சாம்பல் நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்த அந்த உயர்ரக எஸ்.யு.வி.யை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். இரு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி கேட்டார்.

"பக்கத்துல ஒருத்தன் வந்தா சொல்லுமா?"

"சொல்லும் சார். சைடு கண்ணாடியிலேயே மஞ்சளா ஒரு விளக்கு எரியும்."

"அந்த விளக்கையும் நான் பார்க்கலைன்னா?"

விற்பனையாளன் சிரித்தான். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் என்று நினைத்திருப்பான். "பார்க்கலைன்னா கத்தும் சார். கத்தியும் நீங்க கண்டுக்கலைன்னா அதுவே பிரேக் போட்டு நின்னுடும். முன்னாடியும் அப்படித்தான், பின்னாடியும் அப்படித்தான். சும்மா சொல்லக் கூடாது, தூங்கிட்டே ஓட்டலாம்."

பின் இருக்கையில் அமர்ந்து, மெத்தென்ற தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவியின் கை அப்படியே நின்றது. இந்த வண்டியை எதற்காக வாங்கப்போகிறார் என்பது அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. ஊரார் நினைக்கப்போவதைப் போல இது பகட்டுக்கு வாங்கும் வண்டியன்று. மனிதர் தமக்கு ஒரு ஜோடிக் கண் வாங்க வந்திருக்கிறார்.

சென்ற மழைக்காலத்தில் கண் மருத்துவமனையின் உள்ளறை ஒன்றில் அவர்கள் இருவரும் அமர்ந்திருந்தார்கள். மருத்துவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். தாள் முழுவதும் கருமை. நடுவில் சிறு காசளவு வெண்மை. கண்ணின் அழுத்தம் ஓசையில்லாமல் ஏறி, ஓரப் பார்வை முழுவதையும் தின்றுவிட்டது என்றார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மட்டும் சொட்டு மருந்து உண்டு என்றார். வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"நான் போர்டைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேனே டாக்டர்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"படிப்பீங்க. நடுவுல இருக்கிறதெல்லாம் நல்லாப் படிப்பீங்க. பக்கத்துல நிக்கிறவங்கதான் உங்களுக்கு இருக்க மாட்டாங்க."

வீடு திரும்பினார்கள். படியேறும்போதுதான் சொன்னார். "கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது."

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான். அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள் என்று அவள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அவருடைய பிழைப்பும் அப்படிப்பட்டது. கடையில் அமர்ந்திருந்தால் வருமானம் வராது. கண் பார்க்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாக, பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். ஆலைக்காரர்கள் அவரை 'டாக்டர்' என்று அழைப்பார்கள். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. எழுத்துப் பலகையே அவருக்கு வேதம். கடைசி வரியைப் படித்தவனுக்குப் பார்வை உண்டு, படிக்காதவனுக்கு இல்லை. வாழ்நாள் முழுவதும் இந்த ஓர் அளவுகோலால் ஊரையே அளந்தவர், தம்மையும் அதே கோலால் அளந்துகொண்டார். அவர் படித்தார், ஆகவே அவருக்குக் கண் தெரிந்தது.

வண்டி வந்த அன்று கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் அது நுழைவதற்கே ஒரு நாடகம் நடந்தது. வாயிற்கதவை முழுவதுமாக மடக்கிப் பின்னால் தள்ளி, பூந்தொட்டிகளை எடுத்து, மழைநீர்க் குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே முகத்தைக் கடையின் புறவாசலுக்குக் காட்டி நிறுத்தினார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டித் தேய்த்து ஃபிரேமில் பொருத்துபவன் அவன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். மாடியறையில் படுக்கை, அண்ணி கையால் சாப்பாடு. ஒரு லென்ஸில் இம்மி அழுக்கு இருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. அதனால் வீட்டிலும் கடையிலும் அவனுக்குத் 'தூசி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அண்ணி, கடையை விட வண்டி பெருசா இருக்கே. பேசாம வண்டிக்குள்ள கடையை வச்சிட்டு, கடையில வண்டியை விட்டுடலாமா?" என்றான்.

"உனக்கு வாய் மட்டும் குறைச்சலில்ல."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? மேல ஜன்னல் வச்சிருக்கான், உள்ள ஏசி வச்சிருக்கான். வாடகைக்கு விட்டா நானே குடிவந்துடுவேன். அண்ணனும் நீங்களும் ராஜா ராணி மாதிரி போங்க. என்னைக் கழுவ விடுங்க, போதும்."

அன்றிலிருந்து வண்டியைக் கழுவுவது அவன் வேலை ஆயிற்று. சொல்லிச் செய்ததன்று, அவனே எடுத்துக்கொண்டான். லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியால் விளக்குகளைத் துடைப்பான். எண் பலகைக்கு மேலே பட்டாணி அளவில் பதிந்திருந்த பின்பக்கக் கேமராவைக் குனிந்து பார்த்து, "இவ்வளவு காசு குடுத்து வாங்கின வண்டியில இம்மாத்துண்டு லென்ஸ். இதையும் சேத்துல விட்டா எப்படி?" என்று முனகிக்கொண்டே ஊதி ஊதித் துடைப்பான்.

வெளியில் போகும்போது மனைவி பக்கத்து இருக்கையில் அமர வேண்டும் என்பது சொல்லாமலே ஏற்பட்ட விதி. தொடக்கத்தில் அவள், "அந்தப் பக்கம் சைக்கிள் வருது, இல்ல இல்ல, இந்தப் பக்கம்," என்று தடுமாறினாள். எந்தப் பக்கம் என்று கேட்டு முடிப்பதற்குள் சைக்கிள் கடந்து போய்விடும். அவர்தாம் ஒரு வழி கண்டுபிடித்தார்.

கண்ணாடிக்கடையில் 'ஆக்ஸிஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. சிலருடைய கண்ணுக்கு லென்ஸைக் குறிப்பிட்ட சாய்வில் வைத்தால்தான் தெளிவு கிடைக்கும். அந்தச் சாய்வை எண்ணால் சொல்வார்கள். வாடிக்கையாளரின் முகத்துக்கு எதிரே நின்று பார்க்கிறவருக்கு வலது கை ஓரம் பூச்சியம், நெற்றிக்கு நேர்மேலே தொண்ணூறு, இடது ஓரம் நூற்றெண்பது. கல்யாணமான நாள்முதல் அவள் எதிரே நின்று ஃபிரேம் பொருத்தி வருகிறாள். தூக்கத்தில் கேட்டாலும் இந்த எண்களைச் சொல்வாள்.

"ரோட்டை ஒரு மூஞ்சின்னு வச்சுக்கோ," என்றார் அவர். "நாம அதுக்கு எதிர்ல நிக்கிறோம். நேர் முன்னாடி தொண்ணூறு. வலப்பக்கம் வந்தா குறையும், இடப்பக்கம் வந்தா ஏறும். ஆள் யாரு, வண்டி எதுன்னெல்லாம் எனக்குக் கதை வேண்டாம். நம்பரைச் சொல்லு, நான் பார்த்துக்கறேன்."

அவள் எண்ணைச் சொன்னாள். நூற்றிருபது என்றால் அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, நடைபாதையை விட்டு இறங்கிய ஆளைக் கண்டுகொண்டு விலகினார். அறுபது என்றால் குறுக்குத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் லாரிக்கு வழிவிட்டார். ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டது. வண்டியும் தன் பங்குக்கு மஞ்சள் விளக்கைக் காட்டியது. சாலையில் போட்ட கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை மெல்ல இழுத்துக் கோட்டுக்குள் நிறுத்தியது. வண்டி பாதி, மனைவி பாதி என்று அவருக்குப் போன பார்வை திரும்பிவந்துவிட்டது.

உண்மையைச் சொல்வதானால், அவளுக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருட இல்லறத்தில் எந்தக் காரியத்தையும் அவர் அவளைக் கேட்டுச் செய்தவரில்லை. கடைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதிலிருந்து வீட்டில் எந்தக் காய் வாங்குவது என்பதுவரை அவர் வைத்ததே சட்டம். இப்போது அவள் ஓர் எண் சொன்னால் அந்தப் பெரிய வண்டி விலகியது. இன்னோர் எண் சொன்னால் நின்றது. குளிர்ந்த காற்றும் புதுத் தோலின் மணமும் நிறைந்த அந்தச் சின்ன அறைக்குள், தெருவின் இரைச்சல் எதுவும் எட்டாத இடத்தில், அவர் அவளுடைய வாயையே நம்பியிருந்தார். ஆலையிலிருந்து திரும்பும்போது சில நாட்களில் வேண்டுமென்றே சுற்றுவழியில் போகச் சொல்வாள். "எதுக்கு?" என்று கேட்பார். "சும்மாதான்," என்பாள். போவார்.

ஒருநாள் தூசியும் உடன் வந்தான். பின் இருக்கையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, காலால் காற்றை உதைத்தால் பின்கதவு தானே திறக்கும் அதிசயத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தவன், திடீரென்று முன்னால் குனிந்தான்.

"அண்ணி, என்ன நூத்திப்பத்து, எழுபதுன்னு? ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கண்ணாடி போடுறீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரரின் கழுத்து விறைத்தது. அவளுக்கு உண்மை வாய்வரைக்கும் வந்துவிட்டது. வந்த வாக்கில் சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் தீர்ந்திருக்கும். தூசி அண்ணனைத் திட்டியிருப்பான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓட்டப் பழகியிருப்பான். ஆலைகளுக்கு அவனே அழைத்துப் போயிருப்பான். ஓட்டுநர் இருக்கையில் தூசி, பக்கத்தில் பேசாத கணவர் என்று ஒரு காட்சியை அவள் கண்முன் கண்டாள். அதில் அவளுக்கு இடமே இல்லை.

"உங்க அண்ணனோட விளையாட்டு," என்றாள். "வயசான காலத்துல மறதி வராம இருக்கக் கணக்கு."

"நல்ல ஜோடி," என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவன் மறுபடி சாய்ந்துகொண்டான்.

வண்டியின் உதவிகளில் ஒன்றுமட்டும் அவருக்கு ஆகவில்லை. முற்றம் குறுகல். காலையில் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஒருபுறம் குழாயையும் மறுபுறம் தண்ணீர்த் தொட்டியின் சுவரையும் கண்டு வண்டி வீறிட்டுக் கத்தியது. ஓரடி நகர்வதற்குள் யாரோ பின்னால் இழுத்ததைப் போலச் சடக்கென்று பிரேக் போட்டது. மாடி ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. எதிர்வீட்டுத் தையற்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "என்ன சார், வண்டி உங்களை நம்ப மாட்டேங்குது போல," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடிக்கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் சர்வீசுக்கு விட்டபோது, பின்னால் போகையில் தானாகப் பிரேக் போடுவதையும் கத்துவதையும் நிறுத்திவிடும்படி சொன்னார்.

"அதை மட்டும் எடுக்காதீங்க," என்றாள் அவள்.

"கேமரா இருக்கு. அதுக்கும் மேல நீ இருக்கியே. வேற என்ன வேணும்?"

நீ இருக்கியே என்ற அந்தச் சொல்லில் அவள் மயங்கித்தான் போனாள். மறுபடி தடுக்கவில்லை.

அதன்பிறகு பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள் இருக்கையில் முழங்காலை மடக்கித் திரும்பி அமர்ந்து, பின்கண்ணாடி வழியாக வாயிலைப் பார்த்து, "தொண்ணூறு, தொண்ணூறு," என்று சொல்லிக்கொண்டே வருவாள். நேரே வா, வழியில் எதுவும் இல்லை என்று பொருள். அவர் முன்னால் உள்ள திரையைப் பார்த்தபடி நேராக எடுத்துவிடுவார். எந்தத் தொல்லையும் நேர்ந்ததில்லை. தொண்ணூறு என்னும் எண் எப்படித் திரும்பி நின்றாலும் தொண்ணூறுதான். மற்ற எண்கள் அப்படியல்ல என்பது, ஆயுள் முழுவதும் அவற்றோடு புழங்கிய இருவருக்கும் அந்த முற்றத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் ஆலைக்குக் கிளம்பினார்கள். கண் பார்க்கும் பெட்டி ஏறியாயிற்று; அவர்கள் இருவரும் ஏறிக் கதவைச் சாத்தியாயிற்று. முதல்நாள் சேற்றில் போய்வந்ததால் வண்டியின் பின்புறம் முழுவதும் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. தூசி வாளியும் துணியுமாக ஓடிவந்தான்.

"அண்ணா, ஒரு நிமிஷம். கேமராவுல சேறு அப்பியிருக்கு."

கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே ஏசி ஓடியது. அவன் குரல் யாருக்கும் எட்டவில்லை. அவன் பின்னால் நின்று கேமராவை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தான். கண்ணாடிக்கடைக்காரர் ரிவர்சில் போட்டபோது திரையில் வாயில் தெரியவில்லை. நீரில் கரைந்த வண்ணம்போல ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்தார். திரையின் ஓரத்தில் சிறிய சிவப்பு எழுத்தில் கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. ஓரத்தில் வந்ததால் அது அவருக்கு வரவேயில்லை.

"பார்த்துச் சொல்லு," என்று கூறினார்.

அவள் திரும்பி அமர்ந்தாள். வாயில் திறந்து கிடந்தது. "தொண்ணூறு," என்றாள். வண்டி நகர்ந்தது. அந்த நேரத்தில், துணியை வாளியில் அலசுவதற்காகத் தண்ணீர்த் தொட்டியோரம் குனிந்திருந்த தூசியின் தலை பின்கண்ணாடியின் கீழ்மூலையில் எழுந்து மறைந்தது. அவளுடைய வலப்பக்கம். நில்லுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். மாதக்கணக்காகப் பழக்கிய வாய் அதைச் சொல்லவில்லை.

"நாப்பத்தஞ்சு," என்றாள்.

அவள் பின்னோக்கித் திரும்பியிருந்தாள். அவளுக்கு வலது எதுவோ அது முன்னோக்கி அமர்ந்திருந்த அவருக்கு இடது. நாற்பத்தைந்து என்று காதில் விழுந்ததும் வலப்பக்கம் யாரோ நிற்பதாகக் கொண்டு, அந்த ஆளிடமிருந்து விலகுவதற்காக, அவர் ஸ்டீயரிங்கை இடப்பக்கமாக ஒடித்தார். மிகுந்த கவனத்தோடுதான் ஒடித்தார். வண்டியின் பின்மூலை தண்ணீர்த் தொட்டியின் சுவரை நோக்கி வழுக்கிக்கொண்டு போயிற்று.

வண்டி தானாக நிற்கவில்லை. சுவர்தான் நிறுத்தியது.

வாளி உருண்ட சத்தத்தை எதிர்வீட்டுத் தையற்காரர் கேட்டார். அலறலை அடுத்த தெருவே கேட்டது. அந்த விலையுயர்ந்த வண்டிக்குள் மட்டும் அது மெத்தைக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவதைப் போல மங்கலாகக் கேட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் அவர். "நான் விலகிட்டேனே."

தூசியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. தூசி கண் விழித்துப் பேசத் தொடங்கியபிறகு, விபத்துப் பிரிவைச் சேர்ந்த காவல் அதிகாரி ஒருநாள் முற்பகலில் வார்டுக்கு வந்தார். நடுத்தர வயதுக்காரர். மூக்கின்மேல் இருந்த கண்ணாடி இவர்கள் கடையில் செய்தது. அதனாலேயே குரலில் மரியாதை இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க, போதும்."

"என் தப்புதான் சார்," என்றான் தூசி. வெளிறிய முகத்தில் பழைய சிரிப்பை வரவழைக்க முயன்றான். "சொல்லாம கொள்ளாம வண்டிக்குப் பின்னாடி போய்க் குனிஞ்சா யாருக்குத் தெரியும்? லென்ஸ்ல அழுக்கு இருந்தா எனக்குச் சோறு இறங்காது. அதுக்கு ஒரு காலைக் குடுத்துட்டேன். அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. அண்ணி, நீங்க எதுக்கு அழறீங்க? செருப்பு வாங்கற செலவு பாதியாச்சு."

அவள் அழவில்லை. அழுதுகொண்டிருப்பதாக அவன் நினைத்துக்கொண்டான்.

அதிகாரி கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். கட்டிலின் காலடியில் நிமிர்ந்து நின்றிருந்தார் அவர். "அவன் சொன்னதுதான் சார். கேமராவுல தண்ணி. தெரியலை."

"சரி. குடும்பத்துக்குள்ள நடந்தது. யார் மேலயும் புகார் இல்லைன்னு எழுதிடறேன். இன்சூரன்ஸுக்கும் அதுதான் நல்லது." அதிகாரி பேனாவை மூடப்போனார். "அம்மா, நீங்க ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

இல்லை என்று சொன்னால் போதும். ஒற்றைச் சொல். அடுத்த வாரம் மாப்பிள்ளையை அழைத்து வருவதைப் போல இவனை அந்த வண்டியிலேயே வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று காலையில்தான் கணவர் சொல்லியிருந்தார். சுவரில் உராய்ந்த இடத்துக்கு மறுபடி வண்ணம் பூசி, புத்தம்புதிதாகத் தந்துவிட்டார்களாம். அந்தப் பின்கதவு அகலமாகத் திறக்கும், சக்கர நாற்காலியை மடக்காமலே வைக்கலாம் என்று அதையும் ஒரு வசதியாகச் சொன்னார். நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றார்.

"அவருக்கு ஓரம் தெரியாது சார்," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"கண்ணு. நடுவுல மட்டும்தான் தெரியும். பக்கத்துல எதுவும் தெரியாது. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

கண்ணாடிக்கடைக்காரர் அசையவில்லை. அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. வாடிக்கையாளரின் குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரல்.

"பயந்து போயிருக்கா சார். தூக்கமில்ல. அதோ அந்தச் சுவர்ல ஒட்டியிருக்கு பாருங்க, நான் இங்கிருந்தே படிக்கிறேன். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் காலணியை வெளியே விடவும். உணவுப் பொருள்களை உள்ளே கொண்டுவரக் கூடாது. வரிசையாக அமரவும். கீழே பொடி எழுத்துல அச்சடிச்ச பிரஸ் பேர் இருக்கு, அதையும் படிக்கட்டுமா?"

படித்தார். அதிகாரி எழுந்து போய்ச் சுவரருகே நின்று சரிபார்த்தார். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. திரும்பி வந்தவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "என் கண்ணாடியைப் போட்டும் எனக்கே அது தெரியலை. போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா."

அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கணவருக்கு எதிரே, ஃபிரேம் பொருத்துவதற்கு நிற்கும் தொலைவில் வந்து நின்றாள்.

"என் மூக்கைப் பாருங்க," என்றாள்.

"என்ன இது, எல்லார் முன்னாடியும்?"

"பாருங்க. கண்ணை நகத்தாதீங்க. தலையைத் திருப்பாதீங்க."

மறுத்தால் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, பார்த்தார். அவள் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். நீட்டிய கை கட்டிலைத் தாண்டி, அதிகாரியின் சட்டைப் பொத்தானுக்கு எதிரே வந்து நின்றது. மூன்று விரல்களை விரித்தாள். தூசி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எத்தனை விரல்?"

அவர் காத்திருந்தார். பிறகு அதிகாரி நிற்பதாகத் தாம் எண்ணிய திசைக்காக ஒரு சிறு புன்னகையை வரவழைத்துக்கொண்டார்.

"முதல்ல கையை நீட்டு. அப்புறம் கேளு."

யாரும் பேசவில்லை. அந்தப் பேசாமையிலிருந்துதான் அவருக்கு விளங்கியது. புன்னகை அவசரமாகக் கலைந்தது. தலையை வெடுக்கென்று திருப்பினார். கை அங்கே இருந்தது. விரல்களும் இருந்தன. மூன்று என்று உதடுகள் அசைந்தன.

அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"எப்பலேருந்து?" என்றான் தூசி. அண்ணனைக் கேட்கவில்லை, அண்ணியைக் கேட்டான்.

"வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும்."

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அவன் எதையோ கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப அந்த நம்பரெல்லாம்..."

"ஆமா தம்பி. அன்னைக்கும் நான்தான் சொன்னேன். நாப்பத்தஞ்சுன்னு. பின்னாடி திரும்பி உக்காந்துட்டுச் சொன்னேன்."

வேறு யாருக்குச் சொல்லியிருந்தாலும் விளக்க வேண்டியிருக்கும். அவன் தன் உள்ளங்கையை முகத்துக்கு எதிரே பிடித்தான். பிறகு, லென்ஸைப் புரட்டிப் பார்ப்பதைப் போல அதை மெல்லப் புரட்டினான். புறங்கையைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். லென்ஸைப் புரட்டி மாட்டிவிட்டால் நாற்பத்தைந்து நூற்றுமுப்பத்தைந்தாகிவிடும் என்று தெரிந்த கை அது. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

"சார், நான் முன்னாடி சொன்னதை அடிச்சிடுங்க," என்றான். அதன்பின் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "அண்ணி, வெளிய போங்க. அவரையும் கூட்டிட்டுப் போங்க."

அவள் நகர்ந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் அந்த இடத்திலேயே நின்றார். தம்பியின் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே மருந்து வண்டி ஒன்று குறுக்காக நின்றிருந்தது. ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவினார், நிறுத்திக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது தெரியவில்லை. அவள் திரும்பி வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, மருந்து வண்டியைச் சுற்றி, கட்டில்களின் நடுவே, வாசலை நோக்கி நடத்திக்கொண்டு போனாள். வழியில் எண் எதுவும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லும்படி அவளைக் கேட்டார்.